ஆறு பேர் என்று பதிவு செய்தவர்கள்

வெள்ளையம்மா சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: "ஏம்மா, உங்கப்பா எந்தத் தோட்டம்?"

மலேசியாவில் இரண்டு தமிழர்கள் லிஃப்டில் சிக்கிக்கொண்டால்கூட, எந்த எஸ்டேட் என்ற இந்தக் கேள்வி வந்துவிடும். ஹோம்ஸ்டே நடத்துகிறவள் மட்டும் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. அன்று எனக்கு அது தெரியாது. "கோத்தா திங்கி பக்கம், புக்கிட் செராய்," என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "மூணாவது லயம்," என்று அப்பா வளர்ந்த வரிசை வீட்டையும் நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

"மூணாவது லயத்துல யாரு?"

"கனகராஜ்."

"அலமாக்! கனகராஜ் மவளா நீ? ஏங்க, இங்க வாங்க, நம்ம கனகராஜு மவ வீடுங்க இது!"

அவர் கணவர் ஐயாசாமி வேனிலிருந்து கேஸ் சிலிண்டரை இறக்கிக்கொண்டிருந்தார். அதை அப்படியே தரையில் நிறுத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பனும் நானும் ஒரே சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போனோம்மா. ஒரு நாள்கூட அவன் மிதிச்சதில்ல."

அது என் அப்பாவேதான். சந்தேகமே இல்லை.

இணையத்தில் ஆறு பேர் என்று பதிவு செய்திருந்தார்கள். அவர்கள் மகன் தீபனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் தேன்மொழி என்ற பெண்ணோடு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தங்க இரண்டு நாளைக்கு இடம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வேனுக்குப் பின்னால் மூன்று கார்கள் வந்து நின்றன. நான் தலைகளை எண்ணத் தொடங்கினேன். பதினொன்றாவது தலையில், "நம்ம பொண்ணு ஏன் வெயில்ல நிக்குது" என்று யாரோ ஓர் அக்கா என்னை நிழலுக்குத் தள்ளிவிட்டார். எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. சொந்தக்காரர்களை யார் எண்ணுவார்கள்?

அந்த வீடு என்னுடையதல்ல. என் அண்ணன் செல்வாவுடையது. பெர்மாஸ் ஜெயாவில் ஒன்பதாவது மாடி, மூன்று அறைகள். அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். தினமும் எல்லைப் பாலத்தில் வரிசையில் நின்று வெறுத்துப்போய் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டான். காலியாகக் கிடந்த வீட்டை நான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். காப்புறுதி நிறுவனத்தில் மூன்றாம் கவுண்டரில் உட்காரும் வேலையையும் விட்டேன்.

ஏன் விட்டேன் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பனி பெய்யும் ஊர்களின் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவள். அந்தக் கதைகளில் விடுதிக்கு ஒருவர் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்குவார். ஜன்னலருகே நெடுநேரம் நிற்பார். விடுதிக்காரி ஒன்றும் கேட்காமல் சூப் கொண்டுவந்து வைப்பாள். மூன்றாம் நாள் அவர் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குவார். பெர்மாஸ் ஜெயாவுக்கும் அப்படி யாராவது வருவார்கள் என்று நான் நம்பினேன்.

வந்தவர்கள் அலமாரிக்குள் நாற்றமடிக்கும் டுரியான் பழத்தில் பாதியை வைத்துவிட்டுப் போனார்கள். தலையணை உறையை எடுத்துக்கொண்டு தலையணையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் உண்மையாகவே ஜன்னலருகே நெடுநேரம் நின்றார். எனக்கு உள்ளம் நெகிழ்ந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் கோழி எலும்புகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த எலும்புகளால் முதல் புகார் வந்தது. இன்னொரு கூட்டம் விடிய விடியக் கரோக்கே பாடியதில் இரண்டாவது வந்தது. இரண்டையும் எழுதியவர் எதிர்வீட்டுச் சாம்பசிவம் அங்கிள். அரசாங்க வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்ற சிலோன்காரர். அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் செயலாளர். அவர் எழுதும் புகாருக்குக் கோப்பு எண் உண்டு. வாடகை விருந்தினர்களைப் பற்றி மூன்றாவது புகார் வந்தால் இந்த வீட்டில் ஹோம்ஸ்டே நடத்த முடியாது, நுழைவு அட்டைகள் ரத்தாகும் என்று கடிதம் வந்தது. அதை அண்ணனுக்கு அனுப்பியபோது அவன் ஒரே வரியில் முடித்தான்: "மூணாவது லெட்டர் வந்துச்சுன்னா வீட்ட ஃபேக்டரிக்கு ஹாஸ்டலா குடுத்துடுவேன், நீ உன் கவுண்டருக்கே போலாம்."

இந்த நிலையில்தான் தீபனின் கல்யாணக் கூட்டம் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் அடுக்குமாடிக் காவலாளி, மாசாயில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் போன் செய்தார். "காக், ராமாய் லா," என்றார். அக்கா, கூட்டம் அதிகம் என்று பொருள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. யாரோ போனில் ஓட விட்டிருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். "மதிப்பிற்குரிய விருந்தினர்களே, ஓர் இல்லத்தின் அமைதி என்பது..." என்று அது தொடங்கியது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு வாக்கியம் சேர்ந்தது. நான்காவது விளக்கில் எனக்கே கண் கலங்கியது.

ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் பேச்சு மறந்துவிட்டது. நடைபாதை முழுக்கச் செருப்புகள். எங்கள் வாசலில் நிறைந்து, சுவரோரமாக ஓடி, சாம்பசிவம் அங்கிளின் வாசல்வரை போயிருந்தன. பொம்மைக் காது வைத்த ஒரு குழந்தைச் செருப்பு அவருடைய கால்மிதியின் நட்டநடுவில் கிடந்தது. நான் அதை எடுத்திருக்க வேண்டும். விறைப்பாக உள்ளே நுழைவதுதான் முக்கியம் என்று தோன்றியது.

கூடத்தில் நலங்கு நடந்துகொண்டிருந்தது. வெள்ளை நாற்காலி ஒன்றில் தீபன் முகமெல்லாம் மஞ்சளோடு உட்கார்ந்திருந்தான். என் வெள்ளைச் சோபாவில் மஞ்சள் படக் கூடாது என்று அக்கறையோடு மூடியிருந்தார்கள், என் வெள்ளைப் படுக்கை விரிப்பால். பால்கனியில் கேஸ் அடுப்பு எரிந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"வா வா, நல்ல நேரத்துக்கு வந்த," என்று வெள்ளையம்மா ஒரு வெங்காயப் பேசினை என் மடியில் வைத்தார். நான் எப்போது உட்கார்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஐந்து வெங்காயம் உரித்து, கொஞ்சம் பழகிக்கொண்டு, பிறகு பேசலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு கிலோ உரித்தேன். நடுவில் ஐயாசாமி அங்கிள், என் அப்பா பதினான்கு வயதில் தோட்டத்துக் குமாஸ்தா கிராணி வீட்டு வாத்தைத் திருடப் போய் வாத்து அவரை லயம் முழுக்கத் துரத்திய கதையைச் சொன்னார். அந்தக் கூடத்தில் அதிகச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். பால் தேத்தண்ணியும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். இருபது பேர் தங்கியதையும் படுக்கை விரிப்பையும் அடுப்பையும் நான் மன்னித்துவிட்டதாகவே நினைக்கிறேன்.

பிறகு வடைத் தட்டு வந்தது.

வடைகள் தடித்த, இளமஞ்சள் நிறக் காகிதத்தின் மேல் இருந்தன. எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. 'அன்புள்ள பயணியே, நீ எங்கிருந்து வருகிறாய் என்று இவ்வீடு கேட்காது...' விருந்தினர்களுக்காக நான் எழுதி வைத்த வரவேற்புக் கடிதம். ஒன்றரைப் பக்கம். ஆறு முறை திருத்தியது.

"கடுதாசி நல்லா தடியா இருக்கும்மா," என்றார் வெள்ளையம்மா. "எண்ணெய என்னமா இழுக்குது! இன்னும் இருக்கா?"

நான் எழுந்தேன். மடியிலிருந்த வெங்காயத் தோல் எல்லாம் தரையில் கொட்டியது.

"ஆன்ட்டி, நீங்க யாரும் எனக்குச் சொந்தக்காரங்க இல்ல. நீங்க கெஸ்ட்டு. ஆறு பேர்னு புக் பண்ணுனீங்க. ஆறு பேர் மட்டும் இருங்க, மத்தவங்க எல்லாம் கிளம்புங்க. இது என்ன கல்யாண மண்டபமா?"

நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். வெள்ளையம்மா பால்கனிக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "சரிம்மா. நீ சொல்றது சரிதான். எங்களுக்குத்தான் மறந்துபோச்சு," என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஐயாசாமி அங்கிள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "மாப்பிள ஒண்ணு. நானு, அம்மா, மூணு. பெரியவரு நாலு..."

"நான் பாத்திரம் கழுவுறேன் மாமா, என்ன சேத்துக்குங்க," என்றது ஒரு குரல்.

"அப்ப மஞ்சளு யாரு அரைக்கிறது?" என்றது இன்னொன்று.

அப்போது அழைப்புமணி அடித்தது.

சாம்பசிவம் அங்கிள் வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் நோட்டுப் புத்தகம். இன்னொரு கையில், இரண்டு விரல்களுக்கு நடுவில், அந்தப் பொம்மைக் காதுச் செருப்பு.

"பிள்ளை, இருபத்தேழு சோடி செருப்பு. நான் எண்ணிப்போட்டுத்தான் வாறன். இது என்ர கால்மிதியில கிடந்தது."

"சாரி அங்கிள்."

"சாரி இருக்கட்டும். இவையெல்லாம் ஆர்? வாடகைக்கு வந்த ஆக்கள் எண்டால் இது மூண்டாவது புகார். உம்மட சொந்தக்காரர் எண்டால் எழுத ஒண்டும் இல்லை. ஒரு நன்மை தின்மைக்கு ஆக்கள் கூடுவினம்தானே. சொல்லும், ஆர் இவை?"

நடந்ததை நான் மிகைப்படுத்தவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் கூடம் முழுவதும் கேட்க ஒன்று சொல்லியிருந்தேன். எனக்குக் கண்முன்னே மூன்றாம் கவுண்டர் தெரிந்தது. அதன் கண்ணாடியில் பேசுவதற்காகப் போட்ட ஓட்டை தெரிந்தது.

"சொந்தக்காரங்க அங்கிள்," என்றேன்.

பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட கழுத்துகள் திரும்பும் சத்தம் கேட்டதுபோல இருந்தது. சாம்பசிவம் அங்கிள் என்னைத் தாண்டி வெள்ளையம்மாவைப் பார்த்தார். "ஓமோ?"

வெள்ளையம்மா கையைத் துண்டில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "அத அந்தப் பொண்ணுதான் சொல்லணும் ஐயா. அஞ்சு நிமிசம் முந்தி வேற மாதிரி சொல்லிச்சு."

"வேற மாதிரி எண்டால்?"

அழகான வாக்கியம் ஒன்று வேண்டும் என்று தேடினேன். கிடைத்தது இதுதான்.

"கோவத்துல கத்திட்டேன் அங்கிள்," என்றேன். "கோழி எலும்பு போட்டாரே ஒருத்தர், அவருக்குக்கூட நான் 'நன்றி, மறுபடியும் வாங்க'ன்னுதான் மெசேஜ் அனுப்புனேன். இதுவரைக்கும் ஒரு கெஸ்ட்டுகிட்டயும் நான் கத்தினதே இல்ல. இவங்ககிட்டதான் கத்தியிருக்கேன்." பிறகு வெள்ளையம்மா பக்கம் திரும்பினேன். "தப்புதான். மன்னிச்சுக்குங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயம் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளையம்மா துண்டைத் தோளில் போட்டார். "கத்துனா இல்ல, நல்லாத்தான் கத்துனா. அவ அப்பன் தொண்ட அப்படியே இருக்கு." சாம்பசிவம் அங்கிளிடம் திரும்பினார். "எங்க பொண்ணுதாங்க. நான் இவளுக்கு அத்தை முறை."

"அத்தைன்னா நம்ம தீபனுக்கு முறைப்பொண்ணுல்ல!" என்று மூலையிலிருந்து யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. தீபன் மஞ்சள் முகத்தோடு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "மா! நாளைக்குக் கல்யாணம் மா! தேன்மொழி காதுல விழுந்துச்சு..."

"சித்தி, சித்தி. அவசரத்துல வாயில வந்துருச்சு."

சாம்பசிவம் அங்கிளின் பேனா நடுவில் நின்றது. "அத்தையோ, சித்தியோ? நான் எழுதோணும்."

"சித்தின்னே எழுதுங்கய்யா. எழுதிட்டு உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் எழுதினார். எழுத்து எழுத்தாக எழுதினார். உள்ளே வரவில்லை; ஆனால் ஒரு சின்னப் பெண் வாழையிலைத் துண்டில் கொண்டுபோய் நீட்டிய இரண்டு வடைகளை மறுக்கவும் இல்லை. "சொந்தக்காரரோ ஆரோ, செருப்பு உள்ள போகவேணும்," என்று சொல்லி, குழந்தைச் செருப்பை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் ஐயாசாமி அங்கிள் கேட்டார்: "அப்ப நான் எண்ணுனது?"

"என்னத்த எண்ணுறது? அந்த அடுப்பப் பத்த வைங்க," என்றார் வெள்ளையம்மா. என்னைப் பார்த்தார். "சித்தின்னு எழுதிக் குடுத்தாச்சு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்க நீதான் நிக்கணும். மாப்பிளைக்குத் தங்கச்சி முறை இப்ப நீதான். பட்டுப் பாவாடை இருக்கா?"

"இல்ல."

"தேடு. சாயங்காலம் இன்னும் நாலு பேர் வர்றாங்க, அவங்ககிட்ட இருந்தா வாங்கித் தரேன்."

இன்னும் நாலு பேர். தலை எண்ணும் உரிமையைக் கொஞ்சம் முன்னால்தான் சாட்சிகளோடு எழுதிக் கொடுத்திருந்தேன். புகார் இல்லை, மூன்றாவது கடிதம் இல்லை, ஹோம்ஸ்டே என் கையில் இருந்தது. என்னுடைய ஒரே விதி, ஆறு பேர் என்பது, அந்தக் கையிலிருந்து போய்விட்டிருந்தது.

நடைபாதைக்கு வந்து செருப்புகளை அள்ளத் தொடங்கினேன். ஒரு தடவைக்கு நான்கு ஜோடிதான் பிடிக்க முடிந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்க் குளியலறைத் தொட்டியில் அடுக்கிவிட்டு வந்தேன். ஐந்தாவது தடவை குனிந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"லோஷினி! அது முடிஞ்சா வந்து தேங்காய் துருவு!"

எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தேன். அது சாத்தியிருந்தது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

"வர்றேன் சித்தி," என்றேன்.