முத்துநிறக் காரின் கூரை

வெண்டல் க்ரென்ஷாவின் காறை எலும்பை உடைத்தது நான்தான். எங்கள் ஊர் ஹாம்ட்ராமிக்கில் பாதிப் பேர் இன்னும் அது என் தம்பி ஃபெலிக்ஸ் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் எறும்பை மிதிக்கவும் யோசிக்கிறவன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் நாங்கள் இருவரும் ஒரே கார் கம்பெனியில், மாதிரி வண்டிகள் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தோம். நான் சீட்டுகளுக்குத் தோல் தைத்தேன். ஃபெலிக்ஸ் இயந்திரப் பிரிவு. க்ரென்ஷா எங்கள் இருவருக்கும் மேலதிகாரி. அந்தக் காரை வரைந்தவரும் அவர்தான்.

விற்பனைக்கான கார் இல்லை அது. ஊர் ஊராகக் கண்காட்சியில் நிறுத்தி, நாளைக்கு இப்படித்தான் ஓட்டப்போகிறீர்கள் என்று ஜனங்களுக்கு ஆசை காட்ட ஒன்றே ஒன்று செய்தார்கள். முகப்பு ஜெட் விமானத்தின் வாய் மாதிரி வட்டமாகத் திறந்திருக்கும். பொத்தானை அமுக்கினால் அந்த வாய்க்குள்ளிருந்து விளக்குகள் புரண்டு வெளியே வரும். முன்கண்ணாடி இரு பக்கமும் வளைந்து கதவு வரை ஓடும். பின்னால் சுறாத் துடுப்பு போல இரண்டு இறக்கை. கதவைத் திறந்தால் சீட் தானே வெளிப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லும். மீன் செதிலை அரைத்துக் கலந்த முத்துநிற வண்ணத்தைப் பதினேழு பூச்சு பூசியிருந்தார்கள். வெயிலில் நின்றால் மூச்சு விடுவது போலிருக்கும்.

எல்லாவற்றையும் விட அதிசயம் கூரை. இரண்டு சீட்டுக்கும் நடுவே சிறு தட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு சொட்டு மழை விழுந்தால் போதும், பின்னால் மடங்கிக் கிடக்கும் இரும்புக் கூரை தானாக எழுந்து வந்து மூடிக்கொள்ளும். அது ஃபெலிக்ஸ் செய்தது. எட்டு மாதம் அவன் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

"சார், இன்னும் ரெண்டு வாரம் குடுங்க," என்று அவன் க்ரென்ஷாவிடம் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "நடுவுல ஏதாவது மாட்டினா நிக்கத் தெரியல அதுக்கு. நசுக்கிட்டுப் போயிடும்."

"டைரக்டருங்க வியாழக்கிழமை வர்றாங்க. உனக்காக மழைய வேணா தள்ளிப் போடலாம், அவங்களத் தள்ளிப் போட முடியாது."

வியாழக்கிழமை முற்றத்தில் காரை நிறுத்தினார்கள். பதினைந்து பேர் முன்பக்கம் வரிசையாக நின்றார்கள். வயதான டைரக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே தன் தம்ளரிலிருந்து தண்ணீரைத் தட்டின் மேல் ஊற்றினார். கூரை எழுந்தது. பாதி வந்து முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

பின்பக்கம் ஃபெலிக்ஸும் க்ரென்ஷாவும் நின்றார்கள். நான் கதவோரம் துடைக்கும் துணியோடு நின்றேன். க்ரென்ஷா உதட்டை அசைக்காமல் சொன்னார்: "கைய விட்டுத் தள்ளுடா."

"சார், அது..."

"தள்ளுன்னு சொல்றேன்."

தள்ளினான். கூரை விடுபட்டது. அறைந்த மாதிரி இறங்கி மூடிக்கொண்டது. உள்ளே எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. ஃபெலிக்ஸ் கத்தவில்லை, வாயைத் திறந்தபடி நின்றான். முன்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். க்ரென்ஷா நகர்ந்து அவனை மறைத்துக்கொண்டு, தொப்பியைத் தூக்கிக் குனிந்து வணங்கினார்.

கம்பி போட்டு நெம்பித்தான் கையை எடுத்தோம். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. நான் தைத்த வெள்ளைத் தோல் சீட்டின் மடிப்பெல்லாம் ரத்தம் தேங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏறப்போனேன். க்ரென்ஷா என் தோளைப் பிடித்தார்.

"ப்ரோனியா, நீ எங்க போற? சாயங்காலம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அந்த சீட்ட மாத்து."

மாற்றினேன். அதுதான் என் பாவம். ஆஸ்பத்திரியில் தம்பியின் கையை அறுத்துத் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் தோலை அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். தொழிலாளியின் அஜாக்கிரதை என்று அறிக்கை எழுதினார்கள். ஃபெலிக்ஸைச் சாமான் அறையில் ஆணி பிரிக்க உட்கார வைத்தார்கள்.

இரண்டு வருஷம் அந்தக் கார் நாடு சுற்றியது. பிறகு மவுசு போய்விட்டது. பழைய மாதிரி வண்டிகளைத் துண்டு போட்டு அழிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அழித்ததை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு க்ரென்ஷாவுக்கு.

"அக்கா, சனிக்கிழமை ஓடெல் யார்டுல வெட்டுறாங்களாம். என்னக் கூட்டிட்டுப் போ," என்றான் ஃபெலிக்ஸ். அது சாவதைப் பார்க்கத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே வண்டி ஓட்டினேன்.

ஓடெல், பழைய இரும்பு யார்டுக்காரன், எங்களைக் கண்டதும் முகம் வெளுத்தான். காரணம் பின்னால் இருந்தது. நொறுங்கிய பஸ்களின் மறைவில் அந்த முத்துநிறக் கார் கீறல் இல்லாமல் நின்றது. வேறு ஏதோ வண்டியின் தகடுகளை வெட்டிக் குவித்துவிட்டு, இதைத் தார்ப்பாய் போட்டு மூடி லாரியில் ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தார் க்ரென்ஷா.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார். குரல் கெஞ்சியது. "நான் வரைஞ்சதுல உருப்படியானது இது ஒண்ணுதான். இத வெட்ட என்னால முடியாது."

ஃபெலிக்ஸ் காரின் பக்கவாட்டைக் குதிரையைத் தடவுவது போலத் தடவினான். அது சாவதைப் பார்க்க அவன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வெட்ட வேணாம் சார்," என்றான். "நான் வரேன். கூரையப் பிரிச்சு மறுபடி பூட்டித் தரேன். தப்பு எங்கன்னு எனக்குத் தெரியும்."

க்ரென்ஷா அவன் கையைப் பார்த்தார். சிரித்தார். "என்னத்த வச்சு? அந்த ரெண்டு விரல வச்சா?"

ஃபெலிக்ஸும் சேர்ந்து சிரித்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காலடியில் ஒரு பம்பர் கம்பி கிடந்தது. இரண்டு கையாலும் எடுத்து க்ரென்ஷாவை அடித்தேன். காறை எலும்பில் விழுந்தது. அவர் முட்டி போட்டார். அடுத்த அடி முதுகில். மூன்றாவது தலைக்கு என்று ஓங்கினேன். ஃபெலிக்ஸ் குறுக்கே விழுந்தான். அடி அவன் காதைக் கிழித்துக்கொண்டு போனது.

"அக்கா! பைத்தியமா உனக்கு? போதும்!"

ஓடெல் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். அவன் முழங்கையைக் கடித்தேன். என்னைத் தூக்கிச் சேற்றில் எறிந்தான். எழுந்தபோது வாயில் ரத்தம். என் ரத்தமா அவன் ரத்தமா தெரியவில்லை.

"ஏம்மா, கொலகாரி! இவரு ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வரும். வந்தா இந்த வண்டி இங்க நிக்கக் கூடாது. எனக்குப் பொழப்பு போயிடும்!" என்று கத்திக்கொண்டே அவன் கோடாலியை எடுத்தான்.

முதல் வெட்டில் வால் இறக்கை பிளந்தது. க்ரென்ஷா சேற்றில் கிடந்தபடி, "வேணாம், ஓடெல், வேணாம்," என்று குழந்தை மாதிரி அழுதார். ஃபெலிக்ஸ் ஓடிப்போய்க் காரின் முகப்பில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"என்னைய வெட்டிட்டு இத வெட்டு!"

நான்தான் அவன் காலைப் பிடித்து இழுத்தேன். நகத்தால் வண்ணத்தைப் பற்றிக்கொண்டே வந்தான். என் கன்னத்தில் ஓங்கி உதைத்தான். விடவில்லை நான். ஓடெல் கண்ணாடியை உடைத்தான், கதவுகளைப் பிளந்தான், பிறகு கிரேனில் ஏறி அரை டன் இரும்பை அதன் மேல் மறுபடி மறுபடி போட்டான். கூரை தகடாகும் வரை நான் தம்பியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

பழைய இரும்பு சரிந்து விழுந்ததாக க்ரென்ஷா ஆஸ்பத்திரியில் சொன்னார். உண்மையைச் சொன்னால் காரைத் திருடப் பார்த்ததையும் சொல்ல வேண்டுமே. ஊர் அதை நம்பவில்லை, கை போன ஃபெலிக்ஸ்தான் பழி தீர்த்துக்கொண்டான் என்று பேசிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் தோளுக்கு மேல் கை தூக்கி வரையவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமும் இல்லை, நான் எதிர்பார்த்த நிம்மதியும் இல்லை.

ஃபெலிக்ஸ் அன்றே என் வீட்டை விட்டுப் போனான். டொலிடோ நகரத்தில் பஸ் பழுது பார்க்கும் இடத்தில் சேர்ந்து, இடது கையால் வேலை பழகிக்கொண்டான். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அடுத்த ஈஸ்டருக்கு மறுநாள் மத்தியானம் கதவைத் தட்டினான். காதில் தழும்பு வெள்ளையாக இருந்தது.

"நான் உன்ன மன்னிக்கல," என்றான் வாசலில் நின்றபடியே.

"சரி."

"எனக்காக அடிச்சேன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரியாத. நான் கேக்கல."

"நான் யார்கிட்டயும் சொல்லலடா."

தொப்பியைக் கழற்றினான். "சாப்பிட ஏதாவது இருக்கா?"

முந்தின நாள் பண்டிகைச் சமையலில் சாசேஜும் முட்டையும் மிச்சம் இருந்தன. சுட வைத்துப் போட்டேன். ரொட்டியை நான் வெட்டப் போனேன். கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, அவனே கோணல்மாணலாக வெட்டித் தின்றான்.