நாலு விரல் கோணல்

எங்கள் குடும்பத்தில் அக்கா தலையாட்டாமல் ஒரு குக்கர்கூட வீட்டுக்குள் வந்ததில்லை. நான் எந்தப் பள்ளியில் சேர்வது, யாரைக் கட்டிக்கொள்வது, மகளுக்கு எப்போது கண்ணாடி போடுவது, எல்லாமே அவள் சொல்லித்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகளிடம் பேசிப் பேசி, "நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பிக்காமல் அவளுக்கு வாயே திறக்காது. நானும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அதில் ஒரு வசதியும் இருந்தது. ஏதாவது தப்பாகிப் போனால் பழி அவள் தலையில்.

அதனால் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் கணவர், "எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு" என்றபோது எனக்கு ஒன்றும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர். சிக்னல் விழாமல் எதையும் நகர்த்தமாட்டார்.

அந்தத் தெருவுக்கு நல்ல பேர் கிடையாது. ஒரு பக்கம் முழுக்க மூடிப்போன சோப்புத் தொழிற்சாலையின் மதில். சாயங்காலமானால் மதிலில் முதுகைச் சாய்த்துக் குடிக்க ஒரு கூட்டம் வரும். டாக்சிக்காரர்கள் அந்தத் தெருவின் பேரைக் கேட்டாலே, "முனையிலேயே இறங்கிக்கிறீங்களா?" என்பார்கள். ஆனால் போன வருஷம் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். விளக்குக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். முனையில் ஒரு பேக்கரி வந்திருந்தது, அதற்குப் பெரிய கண்ணாடிக் கதவு.

"கதவப் பாத்தீங்களா?" என்றார் புரோக்கர். "போட்டு எட்டு மாசமாச்சு, ஒரு கீறல் இல்ல. கண்ணாடி உடையாம நிக்குதுன்னா தெரு தேறிடுச்சுன்னு அர்த்தம்."

வீடு சின்னது. கீழே ஒரு அறை, சமையலறை. மேலே ஒரு அறை. மேலறையில் வடக்கே பார்த்த ஒரு அகலமான ஜன்னல். அதன் முன்னால் போய் நின்றேன், அவ்வளவுதான், அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிட்டேன். நான் திரைச்சீலை தைக்கிறவள். வடக்கு வெளிச்சம் கண்ணில் குத்தாது, நூலின் நிறத்தை மாற்றிக் காட்டாது. அந்த ஜன்னலுக்குக் கீழே என் தையல் மிஷினைப் போட்டால் கண் இன்னும் இருபது வருஷம் தாங்கும் என்று தோன்றியது. இப்போது இருக்கிற வாடகை வீட்டில் மிஷின் சத்தம் கேட்டாலே கீழ்வீட்டுக்காரம்மா துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பாள். சுவரில் ஆணி அடிக்கக்கூட உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

அந்த ஜன்னலில்தான் வீட்டின் குறையும் இருந்தது. எப்போதோ சுவர் ஒரு பக்கம் அமிழ்ந்து, ஜன்னலின் அடிப்பலகை இடது கோடியில் நாலு விரல் இறங்கியிருந்தது. தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் தட்டிப் பார்த்தார், வெளியே போய் அஸ்திவாரத்தைச் சுற்றிவந்தார். "இது பழைய இறக்கம்மா. இறங்க வேண்டியது இறங்கி முடிஞ்சிடுச்சு. இனி அசையாது. இந்தக் கோணல் இல்லன்னா இந்த விலைக்கு உங்களுக்குக் கிடைக்குமா?" என்றார்.

அன்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கோணல் ஜன்னலுக்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. டேப்பை நம்பக்கூடாது. செய்தித்தாளைப் பலகையின்மேல் வைத்து, நகத்தால் மடித்து, அந்தச் சரிவை அப்படியே கத்தரித்துக்கொள்ள வேண்டும். கத்தரித்தேன். வீட்டுக்கு வந்தும் கை அடங்கவில்லை. ரொம்ப நாளாக வைத்திருந்த மஞ்சள் துணியை எடுத்து, அந்தக் காகிதத்தை வைத்து வெட்டித் தைத்தும் முடித்துவிட்டேன். கீழ் ஓரம் இடது பக்கம் நாலு விரல் நீளம். அந்தத் திரை உலகத்திலேயே ஒரே ஒரு ஜன்னலுக்குத்தான் பொருந்தும். சாவி கைக்கு வருமுன் திரை தைத்த பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா வந்து பார்த்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டே தெருவில் நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். குழாயைத் திறந்து தண்ணீரை முகர்ந்தாள். கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் விட்டாள். மொட்டைமாடிக்கு ஏறிப்போய் புரோக்கரிடம், "இதுமேல இன்னொரு ரூம் எழுப்பினா தாங்குமா?" என்று கேட்டாள். எனக்காக எவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லப்போகிறவள் மாடியில் அறை எழுப்புவதைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும்? அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பேக்கரியில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது சொன்னாள்.

"நான் சொல்றதக் கேளு. வேண்டாம்டி."

"ஏங்க்கா?"

"வயசுக்கு வந்த பொண்ண வச்சிருக்க. டியூஷன் முடிஞ்சு அந்தக் குடிகாரனுங்களத் தாண்டித்தான் அவ வரணும். உன் வீட்டுக்காரர் பாதி நாள் ராத்திரி டூட்டி. ஏதாவது ஒண்ணுன்னா யாரக் கூப்பிடுவ? அந்தச் சுவரு வேற கோணிக்கிட்டு நிக்குது."

"கொத்தனார் ஒண்ணும் ஆகாதுன்னாரே."

"கொத்தனாரா வந்து உன் பொண்ணுக்குக் காவல் இருக்கப்போறாரு?"

மகள் பேச்சை எடுத்ததும் நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் நீ சொந்த வீட்ல உக்காரணும்னு ஆசை இல்லையா? இதவிட நல்லது வரும். நானே பாத்துத் தரேன்" என்றாள். கண்கூடக் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் புரோக்கருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். "யோசிச்சுக்கோங்க மேடம், அப்புறம் வருத்தப்படுவீங்க" என்றார். எல்லா புரோக்கரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். மஞ்சள் திரையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தேன். கணவர் அன்று இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் ஒருநாள் ஷெட்டில் நான் விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஷெட் என்றால் எங்கள் தையற்கூடம். ஊரில் உள்ள பெரிய திரைச்சீலைக் கடைகளெல்லாம் துணியைக் காட்டி ஆர்டர் பிடிப்பதோடு சரி. தையல் முழுக்க எங்களிடம்தான் வரும். வாடிக்கையாளர்களுக்கு அது தெரியாது. கடைக்குப் பின்னாலேயே யாரோ தைத்துத் தருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீடு வீடாகப் போய் அளவெடுத்து வருபவரை நாங்கள் டேப் அண்ணன் என்போம். கழுத்தில் டேப்பைக் கழற்றாமல் சொந்தக் கல்யாணத்துக்கே போனவர் என்று கிண்டல் செய்வோம். அவர் ஒரு மூட்டைத் துணியை என் மேசைமேல் போட்டு, அதன்மேல் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்தார்.

"பாத்துத் தைம்மா. ஜன்னல் ஒரு பக்கம் தொங்குது. இப்படி ஒரு வீட்டயும் ஆசப்பட்டு வாங்கியிருக்காங்க பாரேன்."

காகிதத்தைக் கையில் எடுத்தபோதே விரலுக்குத் தெரிந்துவிட்டது. என் பைக்குள் இன்னும் பழைய காகிதம் இருந்தது, தூக்கிப்போட மனசு வரவில்லை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன். ஓரம் ஓரமாகப் பொருந்தியது. யாரோ வாங்கிவிட்டார்கள். சரி, நாம் வேண்டாம் என்றால் வீடு நமக்காக விரதம் இருக்குமா? வயிறு எரிந்தாலும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"யாருண்ணே வாங்கியிருக்கா?"

"ஒரு நர்ஸம்மா. பையனுக்காம். மாடில இன்னொரு ரூம் கட்டப்போறாங்களாம். நல்ல மாதிரிதான், ஆனா என்னைப் பேசவே விடல. எதுக்கெடுத்தாலும், 'நான் சொல்றதக் கேளுங்க, நான் சொல்றதக் கேளுங்க'ன்னு. அளவெடுக்க வந்தவன் நானா, அவங்களான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

டேப் அண்ணன் அவளைப்போலவே பேசிக் காட்டிச் சிரித்தார். பக்கத்து மிஷின்காரிகளும் சிரித்தார்கள். நான் மூட்டையில் குத்தியிருந்த கடைச் சீட்டைப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு கடை இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஊரின் மறுகோடியில் இருக்கிற கடைக்குப் போய் அக்கா திரை வாங்கியிருக்கிறாள், என் காதுக்கு வரக்கூடாதென்று. எந்தக் கடைக்குப் போனாலும் துணி என் மேசைக்குத்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியாது. தங்கச்சி எங்கே, எப்படி வேலை செய்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக அங்கே போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே புது வண்ணப்பூச்சின் வாடை. அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த துணி நின்றது.

"உனக்கு யார் சொன்னா?"

முதல் வார்த்தை அதுதான். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"ஜன்னல் சொல்லுச்சு" என்று டேப் அண்ணன் கொடுத்த காகிதத்தைக் காட்டினேன். "ஏங்க்கா? குடிகாரனுங்க எல்லாம் எங்க போயிட்டானுங்க?"

"கத்தாதடி. நான் சொல்றதக் கேளு. பையனுக்குப் பொண்ணு பாக்கறோம். சொந்த வீடு இருக்கான்னுதான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க."

"எனக்குக் கெட்ட தெரு, உன் பையனுக்கு நல்ல தெருவா?"

"அவன் ஆம்பளப் பையன். உன் கத வேற." துணியை உதறி மடித்தாள். அப்புறம் நிமிர்ந்து, மிக நிதானமாகச் சொன்னாள். "நான் என்ன உன்கிட்டேருந்து பிடுங்கிட்டா வந்தேன்? நீதான் வேண்டாம்னுட்டியே. நீ வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் புரோக்கர்கிட்ட நான் பேசினேன். வேணும்னா அவர்கிட்டயே கேட்டுப்பாரு."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. நான் வேண்டாம் என்றிருக்கிறேன், அவள் வாங்கியிருக்கிறாள். அந்த 'வேண்டாம்' என்பதை என் வாயில் ஊட்டியது யார் என்பதற்கு மட்டும் சாட்சி கிடையாது. இத்தனை வருஷம் அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எது எனக்காகச் சொன்னது, எது அவளுக்காகச் சொன்னது? இனி அதை எப்படிப் பிரிப்பேன்?

படியேறி மேலறைக்குப் போனேன். ஜன்னல் அப்படியே இருந்தது. வெளிச்சமும் அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள்.

அக்கா பின்னாலேயே வந்தாள். நான் அழாமல் நின்றதை அவள் சமாதானம் என்று எடுத்துக்கொண்டாள் போல. தோளில் கை வைத்தாள். "துணி உங்க இடத்துக்குத்தான் வந்திருக்கா? நல்லதாப் போச்சு. நீயே உன் கையால தைச்சுடு. இந்த ஜன்னலுக்கு வேற யாரும் சரியாத் தைக்கமாட்டாங்க."

கேட்க எப்படி வாய் வந்தது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. ஆனால் கேட்டாள். நானும் பழக்கதோஷத்தில், "சரிக்கா" என்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "விடு. உங்க அக்காதானே" என்றார். "அதனாலதான் விட முடியல" என்று கத்தினேன். கீழ்வீட்டுக்காரம்மா துடைப்பக்கட்டையால் இடித்தாள்.

அலமாரியின் அடியில் மஞ்சள் திரை இருந்தது. கொண்டுபோய் மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். அதை நான் தொடவில்லை. ஷெட்டில் அவள் தேர்ந்தெடுத்த நீலத் துணியை விரித்தேன். இரண்டு காகிதங்களையும் ஒதுக்கி வைத்தேன். மேலே மடிப்புகளை ஒரே அளவில் பிடித்தேன், ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கீழ் ஓரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக, கோடு போட்டதுபோல் மடித்துத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாகத் தைத்ததில்லை.

டேப் அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நான் குடுத்த பேப்பரப் பாக்கலையா?" என்றார்.

"பாத்தேண்ணே. இது எங்க அக்கா வீடு. கேட்டா, பழிய என்மேல போட்டுடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த நர்ஸம்மா குரலில் அவர் பேசிக் காட்டவே இல்லை.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏய், திரை இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதுடி. அந்தச் சந்து வழியா புதுத் தெருவிளக்கு வெளிச்சம் நேரா கட்டில்லயே அடிக்குது. பையன் தூங்கவே முடியலங்கறான். அளவு தப்பாத் தைச்சுட்டியா?"

"அளவு சரிதான்க்கா. திரை நேரா இருக்கு."

"அப்ப ஏன் கோணலாத் தெரியுது?"

அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்டது. புரிந்துவிட்டது அவளுக்கு. குரலை இறக்கி, "வந்து சரி பண்ணிக் குடேன்" என்றாள்.

"நான் சொல்றதக் கேளுக்கா. பழகிடும்" என்று வைத்துவிட்டேன்.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வீடு போனால் வேறு வீடு பார்க்கலாம். எதையும் யோசிக்காமல் ஓடிப்போய்க் கேட்க எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்.

நேற்று கணவர் வேறொரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஆற்றுப்பக்கம், சோப்புத் தொழிற்சாலைத் தெருவைவிட மோசமான தெரு, பேக்கரி இன்னும் வரவில்லை. வடக்கே ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். "எதுக்கும் உங்க அக்காகிட்ட ஒரு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். பழக்கதோஷத்தில் கையில் எடுத்திருந்த போனை நான் திரும்ப வைத்தேன்.