வலது பாக்கெட்டில் இருந்த கத்தி

இந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல காலையில இருந்து எத்தனை நடை நடந்திருப்பேன்னு என் வீட்டுக்காரியைக் கேட்டா கணக்கா சொல்லுவா. "ஒரு இடத்துல உட்காருங்களேன், பார்க்கிற எனக்குத் தலை சுத்துது"ன்னு ரெண்டு தடவை அதட்டிட்டா. உட்கார்ந்தேன். முள்ளு மேல உட்கார்ந்தவன் மாதிரி எழுந்துட்டேன். உள்ளே என் தங்கச்சி புருஷனோட கைக்கட்டைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டிருக்காங்க. வலது கை. ஆள்காட்டி விரல் விபத்து நடந்த அன்னைக்கே போயிடுச்சு. நடுவிரல் பிழைக்குமா பிழைக்காதான்னு இன்னைக்கு டாக்டர் சொல்லணும்.

எல்லாரும் விரலுக்காகக் காத்திருந்தாங்க. எனக்கு விரலும் வேணும், விரல் பிழைச்சா வாயைத் திறக்காம இருந்துக்கலாம்ங்கிற சாக்கும் வேணும். ஒன்பது நாளா எனக்குள்ளேயே பேசி முடிச்சு வெச்சிருந்த பேரம் அது. பிழைச்சா ஊமை, போச்சுன்னா சொல்லிடணும். என்ன சொல்லணும்னு கேட்டா, கத்தியில இருந்து ஆரம்பிக்கணும்.

ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். விலை முழுசா ஒரு மாசச் சம்பளம். சொன்னா எவனும் நம்ப மாட்டான். கைப்பிடி டைட்டானியம். பிளேடு சாதாரண எஃகு கிடையாது, உலோகத்தைப் பொடியாக்கி, சூட்டுல வெச்சு அழுத்திச் செஞ்சது. ஒரு தடவை தீட்டினா மாசக்கணக்குல கூர் மழுங்காது. மடிப்புல குண்டூசித் தலை அளவுக்கு பேரிங் குண்டுங்க, விரல் பட்டாப் போதும், சத்தமில்லாம திறந்துக்கும். நான் ஃபிட்டர். பதினாறு வருஷமா இரும்போட மல்லுக்கட்டுறவன். ஒரு பொருள் நல்லா செஞ்சதா, பேருக்குச் செஞ்சதான்னு தொட்ட உடனே தெரியும் எனக்கு. அந்தத் திமிர்லதான் வாங்கினேன்.

வீட்டுல அன்னைக்கு நடந்த கூத்தைச் சொல்லணுமே.

"தங்கத்துலயா பண்ணியிருக்கான்?"ன்னா வீட்டுக்காரி.

"டைட்டானியம்டி."

"அப்ப இதுல வெங்காயம் நறுக்கினா கண்ணு எரியாதோ?"

நானும் விடலை. தகரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். அவ கொட்டாவி விட்டா. கம்பெனியில ஃபோர்மேன் அதுக்கு மேல. "சந்தையில பத்துல ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குதேப்பா, அது மட்டும் என்ன வேடிக்கையா பார்க்குது? அதுவும் அறுக்கத்தானே செய்யுது?"ம்பார். அவர் வாயை அடைக்கவே தினமும் கத்தியை வெளியில எடுத்துப் பேப்பரைக் காத்துல கிழிச்சுக் காட்டுவேன். எனக்காகப் பரிஞ்சு பேசின ஒரே ஆள் மாப்பிள்ளைதான். "எங்க மச்சான் வாங்கினா சும்மா வாங்குமா? பொருள் அப்படி"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

அவன்னு சொல்றேனேன்னு நினைக்காதீங்க. எனக்கு ரெண்டு வயசு இளையவன். என்கூட ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவன். அப்புறம்தான் என் தங்கச்சியைக் கட்டினான். அதனால எங்களுக்குள்ள வா, போதான்.

ஆனா ஒண்ணு. அந்தக் கத்தியால ஏழு மாசத்துல நான் செஞ்ச வேலை என்ன? கவர் பிரிச்சேன். ஆப்பிள் அறுத்தேன். சட்டையில தொங்குற நூலை வெட்டினேன். தினமும் துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மடிச்சு, வலது பாக்கெட்டுல வெச்சுக்குவேன். தார், அழுக்கு, கம்பி, கிரீஸ் எல்லாத்துக்கும் இடது பாக்கெட்டுல பழைய சந்தைக் கத்தி. கத்திப் பைத்தியம் பிடிச்ச எவனைக் கேட்டாலும் இதையே சொல்லுவான், நல்ல கத்தியைக் காப்பாத்த ஒரு மட்டக் கத்தி கூடவே இருக்கணும்னு. இப்போ நினைச்சா எனக்கே என்னைக் கன்னத்துல அறையணும் போல இருக்கு. காப்பாத்துறதுக்கு அது என்ன குழந்தையா?

எங்க கம்பெனியில பாரம் தூக்குற பட்டை நெய்யறாங்க. கிரேன்ல மாட்டித் தூக்குவாங்களே, அந்தப் பட்டை. நெய்ஞ்சு வர்ற பட்டையைச் சுருளாச் சுத்துற மெஷின்ல மாப்பிள்ளைக்கு வேலை. சுத்தும்போது பட்டை ஓரம் விலகும். விலகினா சுருள் கோணலாகும், திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால ரெண்டு விரலைக் கொக்கி மாதிரி மடக்கி, பட்டையை ஓட ஓடப் பிடிச்சு நேர் பண்ணுவாங்க. பண்ணக் கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கு. எழுதினதுக்குக் கீழேயே நின்னு எல்லாரும் பண்ணுவாங்க. அன்னைக்கு ஓடினது உள்ளே மெல்லிசாக் கம்பி இழை வெச்ச பட்டை. ஒரு இடத்துல தளர்ந்து மடிஞ்சு, கண்ணி மாதிரி அவன் விரல் ரெண்டையும் வளைச்சு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

நான் மூணு எட்டு தள்ளி அடுத்த மெஷின்ல நட்டு முடுக்கிக்கிட்டிருந்தேன். அவன் அலறலை. "மச்சான்"னு மட்டும் கூப்பிட்டான், ஏதோ ஸ்பேனர் கேக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். ஓடி வந்து சிவப்பு பட்டனை அடிச்சேன். மோட்டார் நின்னுடுச்சு. ஆனா மோட்டார் நின்னாலும் சுருள் நிக்காது, ரெண்டு ஆள் கனம் அது, சுத்தின வேகத்துல தானா சுத்தும். பட்டையை அறுத்தாத்தான் கை வரும்.

கத்தியை எடுத்தேன். இடது பாக்கெட்டுல இருந்து.

பழக்க தோஷம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். பதட்டத்துல கை மாறிடுச்சுன்னும் சொல்லலாம். பொய். என் வலது கை வலது பாக்கெட்டுக்குத்தான் போச்சு. கத்தியைத் தொட்டுடுச்சு. அந்த நேரத்துல மண்டைக்குள்ள வார்த்தை வார்த்தையா ஒரு நினைப்பு வந்துச்சு: உள்ளே கம்பி இருக்கு, பிளேடு சில்லு விட்டுடும். கை திரும்பிடுச்சு. என் தங்கச்சியோட தாலிக்குச் சொந்தக்காரன் விரலைக் கொடுத்துட்டு என்னைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான், நான் பிளேடுக்காகப் பயந்தேன்.

சந்தைக் கத்தி இறுகிக் கிடந்துச்சு, நகத்தை விட்டு நெம்பித்தான் திறந்தேன். வெச்சு இழுத்தேன். நூல் ஏதோ அறுந்துச்சு, கம்பியில போய் வழுக்குச்சு. மறுபடி இழுத்தேன். வழுக்குச்சு. அதைத் தூக்கி எறிஞ்சுட்டு நல்ல கத்தியை எடுத்தேன். தானா திறந்துச்சு. ஒரே இழுப்பு. பட்டை ரெண்டாச்சு. ஆனா அதுக்குள்ள சுருள் மூணு சுத்து சுத்திடுச்சு. நான் எண்ணலை, கண்ணு எண்ணிடுச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க புகழ்ச்சி. ஃபோர்மேன் எல்லார் முன்னாடியும், "நான்தான்பா வாய்த்துடுக்குல பேசிட்டேன், நீ கொடுத்த விலை ஒரு கையைக் காப்பாத்திடுச்சு"ன்னார். தங்கச்சி என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. வீட்டுக்காரி ரத்தத்தைத் துடைச்சுக் கழுவிக் காய வெச்சு, கத்தியை என் கையில கொடுத்து, "உங்களைக் கிண்டல் பண்ணினேன். பொருளோட அருமை எனக்குத் தெரியலைங்க"ன்னா. இந்த ஒரு வார்த்தையை அவ வாயில இருந்து கேக்கணும்னு ஏழு மாசமா ஏங்கியிருக்கேன். கேட்டதும் கத்தியை வாங்கி, அவ முகத்தைப் பார்க்காம வெளியில நடந்துட்டேன்.

அன்னையில இருந்து இருப்புக் கொள்ளலை. சாப்பிட உட்கார்ந்தா பாதியில எழுந்துக்கிறேன். பேசிக்கிட்டிருக்கிறவங்களை விட்டுட்டு எங்கேயோ நடந்து போயிடுறேன். நேத்து மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், அதே கம்பிப் பட்டையில துண்டு வெட்டி, வைஸ் இடுக்கியில இறுக்கிக் கட்டினேன். நல்ல கத்தியால அறுத்தேன். ஒண்ணு, ரெண்டு, பத்து துண்டு. பூதக் கண்ணாடி வெச்சு பிளேடை நுனியில இருந்து அடி வரைக்கும் பார்த்தேன். ஒரு சில்லு கிடையாது. ஒரு கீறல் கிடையாது. பேப்பரை வெச்சா அதே மாதிரி கிழிக்குது.

சில்லு விட்டிருந்தா எனக்கு ஒரு நியாயமாவது கிடைச்சிருக்கும். பாவி கத்தி, கேட்ட விலைக்கு ஒரு குறையும் வைக்கலை. இதுக்குத்தானே வாங்கினேன்? பேப்பர் கிழிக்கவா ஒரு மாசச் சம்பளம் கொடுத்தேன்? பொருள் சரியாத்தான் இருந்துச்சு. விலைதான் என் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. வைஸ் பக்கத்துலயே உட்கார்ந்து அழுதேன். நான் அழுது ரொம்ப நாளாச்சு.

டாக்டர் வெளியில வந்தார். நல்ல சேதி சொல்றவங்க நம்ம முகத்தைப் பார்ப்பாங்க, இவர் கையில இருந்த காகிதத்தைப் பார்த்தார். "ரத்த ஓட்டம் திரும்பலைம்மா. இன்னைக்கே எடுத்துடுறது நல்லது, இல்லேன்னா அழுகல் கைக்குப் பரவும்." தங்கச்சி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டா. என் வீட்டுக்காரி அவளை அணைச்சு உட்கார வெச்சா. தங்கச்சி அழுதுக்கிட்டே என்னைப் பார்த்து, "ரெண்டு விரலோட போச்சேண்ணா. நீ மட்டும் இல்லேன்னா கையே போயிருக்கும்"ன்னா.

என்னால அங்க நிக்க முடியலை. உள்ளே போயிட்டேன்.

மாப்பிள்ளை கட்டில்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தான். கையில புதுக் கட்டு. என்னைப் பார்த்ததும் சிரிச்சான். "வா மச்சான். உன் மூஞ்சியைப் பார்த்தா உனக்கு ஆபரேஷன் மாதிரி இருக்கு."

"மாப்ளே, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

சொன்னேன். வலது பாக்கெட்டை, தொட்டதை, சில்லு விடும்னு நினைச்சதை, கை திரும்பினதை. ஒண்ணையும் மறைக்கலை. சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு லேசாச்சு. ஒன்பது நாள் கழிச்சு முதல் தடவையா கால் ஒரு இடத்துல நின்னுச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், சுகமா இருந்துச்சு.

அவன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தான். "நீ இடது பாக்கெட்டுல இருந்து எடுத்ததை நான் பார்த்தேன்"ன்னான். "வலியில வேற என்னத்தைப் பார்க்கிறது, உன் கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பாவம், பதட்டத்துல பாக்கெட் மாறிடுச்சுன்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் மாறும்தானே. அப்படியே நினைச்சுக்கிட்டிருந்தேன் மச்சான். அது எனக்குப் போதுமா இருந்துச்சு."

ஜன்னலைப் பார்த்தபடியே அவன்தான் கேட்டான்.

"எத்தனை சுத்து?"

"என்ன மாப்ளே?"

"நீ எண்ணியிருப்பே. எத்தனை சுத்து?"

"மூணு."

கட்டுப் போட்ட கையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டான். "ஆள்காட்டி விரல் முதல் சுத்துலயே போயிடுச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. சத்தம் கேட்டுச்சு. அப்ப இந்த நடுவிரல்..." மேல சொல்லலை. உதடு மட்டும் அசைஞ்சுது. எண்ணுறான்னு புரிஞ்சுது எனக்கு. ஒன்பது நாளா நான் எண்ணிக்கிட்டிருந்ததை இப்போ அவன் ஆரம்பிச்சுட்டான். என் கால் நின்ன இடத்துல ஒட்டிக்கிச்சு. அய்யோ, நான் எதுக்கு இவன்கிட்ட வந்து இறக்கி வெச்சேன்?

கதவைத் திறந்துக்கிட்டு தங்கச்சி வந்தா. கண்ணைத் துடைச்சு, முகம் கழுவி, சிரிச்ச முகமா வர முயற்சி பண்ணியிருந்தா. எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. "என்ன, நான் வந்ததும் பேச்சை நிறுத்திட்டீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன் முந்திக்கிட்டான்.

"ஒண்ணுமில்லை. அந்தக் கத்தி என்ன விலைன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"இப்போ அதுவா முக்கியம்? என்ன விலையா இருந்தா என்ன, கொடுக்கலாம்"னு சொல்லிக்கிட்டே அவ என் தோளைத் தொட்டா.

"இல்லை, எனக்குத் தெரியணும்." அவன் ஜன்னல்ல இருந்து கண்ணை எடுத்து நேரா என்னைப் பார்த்தான். "சொல்லு மச்சான். என்ன விலை?"

தங்கச்சியும் என் முகத்தைப் பார்த்தா. என் வலது கை தானா பாக்கெட்டுக்குப் போய், கத்தியைத் தொட்டு நின்னுச்சு.