வேலைக்காரி வாய் திறந்த பக்கங்கள்

அம்மாவும் மகளும் ஒரே வகுப்பில் படிப்பது முதல் வாரம் வரைக்கும்தான் வேடிக்கை. அப்புறம் தலைவலி. கைக்குழந்தைக்காகப் பாதியில் விட்ட படிப்பை, அந்தக் குழந்தை எம்.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்த அதே வருஷம் அம்மாவும் மறுபடி பிடித்துக்கொண்டாள். இலக்கியமோ மொழியியலோ, எந்த வகுப்பானாலும் முதல் பெஞ்சு அவளுக்குத்தான். பையன்கள் 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

கருத்தரங்கில் ஒருவர் கட்டுரை வாசிக்க, இன்னொருவர் அதைக் கேள்வி கேட்டுக் குடைய வேண்டும். இருவருக்கும் மதிப்பெண் உண்டு. துறைத்தலைவர் சீட்டுக் குலுக்கியதில் அம்மாவைக் குடையும் வேலை மகளுக்கே விழுந்தது. மாற்றித் தரும்படி கேட்டாள்.

"வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராம இருந்தா சரி" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாவலின் வேலைக்காரியை. கதை முழுக்க நடமாடுகிறவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த மௌனம்தான் அவளுடைய எதிர்ப்பு. கட்டுரையின் உயிரே அதில்தான் இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் எழுதினாள்.

கருத்தரங்கு அன்று காலை மகள் நூலகத்தில் அதே நாவலை எடுத்தாள். வீட்டில் அம்மா வைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு தடிமன். புரட்டிக்கொண்டே போனாள். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அந்த வேலைக்காரி எஜமானியின் முகத்துக்கு நேரே நின்று பேசினாள், பக்கம் பக்கமாக. அம்மா படித்தது யாரோ சுருக்கிய பதிப்பு.

ஓட்டமும் நடையுமாகப் போய் அரங்க வாசலில் அம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். உன் கட்டுரையில..."

"வாயைத் திறக்காத. அம்மாவும் பொண்ணும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டாங்கன்னு பேர் வரும். எதுவா இருந்தாலும் உள்ள கேளு."

"உள்ள கேட்டா உனக்குத்தாம்மா..."

"கேளுன்னு சொல்றேன்ல." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா நன்றாகவே வாசித்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்று கேலி செய்தவர்கள்கூடக் குறிப்பெடுத்தார்கள். மகளுக்கோ ஒரு வரி காதில் ஏறவில்லை. அவள் முறை வந்ததும் எழுந்து, எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற ஒரு சப்பைக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள்.

அம்மா மகளின் கையையே பார்த்தாள். மூடிய தடிமனான புத்தகம், நடுவில் ஒரு விரல்.

"இதைக் கேட்கவாடி புத்தகத்துக்குள்ள விரலை விட்டுக்கிட்டு நிக்கிற?"

ஆங்கிலம் மட்டுமே ஒலித்த அரங்கில் அந்தத் தமிழ் விழுந்ததும் இருமல்கூட நின்றுவிட்டது. மகள் துறைத்தலைவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். வேறு வழியில்லாமல் புத்தகத்தைத் திறந்து வாசித்தாள். வேலைக்காரி பேசிக்கொண்டே போனாள். அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"இனி இந்தக் கட்டுரை நிக்காதும்மா" என்றார் துறைத்தலைவர், மெதுவாக.

"தெரியுது சார். அவ இன்னொரு தடவை வாசிக்கட்டும்."

மகள் மறுபடி வாசித்தாள். அம்மா நின்றபடியே முழுக்கக் கேட்டாள். பிறகு தாள்களை மடித்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். திருத்தி எழுத ஒரு வாரம் கிடைத்தது.

பேருந்தில் அம்மா வேண்டுமென்றே முன் இருக்கையில், முன்பின் தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறங்கி நடக்கும்போது மகள்தான் ஆரம்பித்தாள்.

"என்னை மன்னிச்சிரும்மா."

"எதுக்கு? வாசிச்சதுக்கா? முதல்ல ஒரு சப்பைக் கேள்வி கேட்டியே, அதுக்கு வேணா மன்னிப்புக் கேளு. எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்துச்சு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மகள் கூடவே நடந்தாள். தெருமுனையில் அம்மா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, அங்கேயே நின்று அந்தப் பக்கங்களைத் தானே படித்தாள். வண்டிகள் ஒதுங்கிப் போயின.

"என்னமா பேசுறா பாரு" என்றாள் கடைசியில். "இதைப் போய் வெட்டி எறிய எவனுக்கு மனசு வந்துச்சு?"

"அதையே எழுதேன்."

"எழுதுறேனோ என்னமோ. நீ இன்னிக்கு என்கிட்டப் பேசாத. எனக்கு இன்னும் ஆறல."

புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.