முடிவுக் கோடு இல்லாத நாற்பத்திரண்டு பாகங்கள்

இசையமைப்பாளரின் முதல் சிம்பொனி முடிந்த செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணிக்கு, அவர் வீட்டுக் கதவுகள் சத்தம் போடுவதை நிறுத்திக்கொண்டன. ஓங்கிச் சாத்தினாலும் ஒன்றும் கேட்காது. யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள் என்று அவர் மனைவி நினைத்தாள். இரண்டாவது படைப்பு முடிந்தபோது கூரைமேல் விழும் மழை ஊமையானது. கொடியில் போட்ட துணி நனைந்த பிறகுதான் மழை பெய்வதே தெரியும். மூன்றாவதில் நாயின் குரைப்பு போயிற்று. அது வாசலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். தபால்காரர் மரியாதைக்கு இரண்டடி பின்வாங்குவார். நான்காவதில் மாமனாரின் குறட்டை போனது. இதில் மருமகளுக்கு வருத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெரியவர் மூச்சு விடுகிறாரா என்று அவ்வப்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

போன சத்தங்கள் தொலைந்துவிடவில்லை. அரங்கேற்றத்தன்று செல்லோ வாத்தியங்களின் நடுவிலிருந்து தன் சமையலறைக் கதவு கிறீச்சிடுவதை மனைவி தெளிவாகக் கேட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கதவுக்காக யாராவது பஞ்சாயத்து வைப்பார்களா?

கணவர் கிறுக்கித் தள்ளும் தாள்களைப் பிரித்து, வயலினுக்குத் தனியாக, புல்லாங்குழலுக்குத் தனியாக என்று ஒவ்வொரு கருவியின் பாகத்தையும் படியெடுத்துத் தருபவள் அவள்தான். கடைசி ஸ்வரத்தை எழுதியதும் அவர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். இசை முடிந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு மெல்லிய கோடும் ஒரு தடித்த கோடும் போடுவது கல்யாணமான நாளிலிருந்தே அவள் வேலை.

ஐந்தாவது படைப்பு, புதிய அரங்கின் திறப்பு விழாவுக்கானது. அப்போது அவர்கள் மகளுக்கு எட்டு வயது. வாயாடி என்றுதான் வீட்டில் பெயர், தூக்கத்திலும் பேசுவாள். புல்லாங்குழலின் பாகத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்த மனைவியின் கை பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றது. ‘அம்மா, இங்க பாரேன்’ என்று மகள் இழுக்கும் இழுப்பு அப்படியே அங்கே இருந்தது, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி நிற்பது உட்பட. மற்ற தாள்களையும் புரட்டினாள். கிளாரினெட்டில் மகளின் சிரிப்பு. வயலின்களில் அவள் அடம். முழுசாக உள்ளே இருந்தாள். ஆனால் அவர் எழுதி முடித்த பிறகும் மகள் பக்கத்து அறையில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கதவும் மழையும் நாயும் ஊமையானது அவர் எழுதி முடித்தபோது அல்ல, தான் கோடு போட்டபோது என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் பறித்தது தன் கை. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அரங்கேற்றத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

கதவிலிருந்து நாய்வரை எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லிவிட்டு, “கிழிச்சுப் போட்டுடுங்க,” என்றாள்.

“நான் எழுதினதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு.”

“தெரியும். படியெடுத்தவ நான்தானே.”

“நாய் குரைக்காததுக்கும் நம்ம பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்? நீ சரியா தூங்கி எத்தனை நாளாச்சு?”

பிறகு தானே கிழித்துவிடலாம் என்று தாளைக் கையில் எடுத்தாள். உள்ளே இருக்கும் குரலும் சேர்ந்து கிழிந்துவிட்டால்? பயந்துபோய் வைத்துவிட்டாள். நாற்பத்துமூன்று பாகங்களையும் கோடு போடாமல் அனுப்பினாள்.

ஒத்திகையன்று இசைக்குழு நடத்துநர் கண்ணாடியைக் கழற்றினார். “கடைசிப் பக்கத்துல கோட்டைக் காணோமே. முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?”

இசையமைப்பாளருக்கு மானம் போயிற்று. யாரிடமோ அடிக்கோல் வாங்கி, மேடை ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றிலும் சின்னதான முக்கோண மணியின் பாகத்தை முதலில் எடுத்துக்கொண்டார். முன்வரிசையில் மகள் தாயின் காதில் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். அவர் தடித்த கோட்டை இழுத்த நொடியில் காதில் சத்தம் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. சிறுமி இரண்டு முறை முயன்று பார்த்தாள். பிறகு அரங்கம் முழுவதும் கேட்கச் சொன்னாள்: “அம்மா, ரகசியம் வர மாட்டேங்குது.”

அடிக்கோல் அதற்குள் இரண்டாவது தாளில் இருந்தது. மனைவி மேடையேறி அவர் முன்னால் போய் நின்றாள். நாற்பது வயலின்களில் ஒன்று பிசகினாலும் பிடித்துவிடும் காது அவருடையது. இப்போது பிசகியது என்ன என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அடிக்கோலை உடனே எடுக்கவில்லை. பேனா நுனியில் மை திரண்டு நின்றது. வாத்தியக்காரர்கள் காத்திருந்தார்கள். நடத்துநர் இரண்டு முறை கடிகாரம் பார்த்தார்.

“அப்படியே வாசிங்க,” என்றார் கடைசியில், பேனாவை மூடிக்கொண்டு.

விழாவன்று வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு நிறுத்த வரவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் கை தானாக முதல் பக்கத்துக்குப் போனது. முக்கோண மணிக்காரர் மட்டும் தன் பாகம் முடிந்ததும் மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் வேறு ஊர்களிலிருந்து மாற்று ஆட்கள் வந்தார்கள். ஓடுகிற வயலின் வில்லைக் கை மாற்றி வாங்கிக்கொள்ளப் பழகினார்கள். இப்போது ஒன்பது வருடமாகிறது. நாற்காலிகளுக்கு இரண்டு முறை துணி மாற்றியாயிற்று. நகராட்சி ஊழியர்கள் மதியம் அங்கே கொஞ்சம் கண்ணயர்கிறார்கள். இசையமைப்பாளர் அதன்பின் எதுவும் எழுதவில்லை. தினமும் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார். தன் ஆகச் சிறந்த இசையின் முடிவை ஒரே ஒரு முறை கேட்டுவிட அவருக்கு இன்றைக்கும் ஆசை உண்டு. கடைசிப் பக்கம் வரும்போதெல்லாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அந்த நேரம் பார்த்து, கிசுகிசுக்கத் தெரியாத மகள் அரங்க வாசலில் நின்று கத்துகிறாள்: “அப்பா, சாப்பாடு ஆறுது, வா.” யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் எழுந்து போகிறார்.