மனுவின் ஆயுள் ஐந்து

தொண்ணூற்றெட்டாம் வருஷம் சேலத்தில் மூன்று நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த எஸ்டேட் ரைட்டர் பெரியநாயகத்துக்கு, ஒரே ஒரு பாடம்தான் மனசில் ஒட்டியது. இன்டர்நெட்டில் தகவல் துண்டு துண்டாகப் போகுமாம். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஓர் எண். வழியிலிருக்கும் ஒவ்வொரு இயந்திரமும் அதில் ஒன்றைக் குறைத்துத்தான் அடுத்ததற்குத் தள்ளும். எண் பூஜ்யமானால், அந்த இடத்து இயந்திரமே துண்டைத் தூக்கிப்போட்டு, அனுப்பியவருக்குச் சேதி சொல்லிவிடும். இல்லாவிட்டால் வழிதவறிய துண்டு காலத்துக்கும் சுற்றிக்கொண்டிருக்குமே!

"நம்ம ஆபீசுக்குன்னே கண்டுபிடிச்சிருக்கானுங்க," என்று ஸ்டோர்காரர் மரியஅந்தோணியிடம் பூரித்தார்.

மறுநாளே சட்டம் வந்தது. ஒவ்வொரு மனுவிலும் சிவப்பு மையில் ஐந்து. கை மாற மாற ஒன்று குறையும். யாரிடம் பூஜ்யமாகிறதோ, அவரே கிழித்துவிட்டு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் மேஜைகள் கழுவிவிட்டதுபோல் ஆயின. மேனேஜர் தட்டிக்கொடுத்தார். மனு கொடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

தலைச்சோலையில் காப்பி பறிக்கும் மருதாயி, ஒழுகும் கூரைக்கு இரண்டு தகரம் கேட்டிருந்தாள். 'ஸ்டோரில் இருப்பு உண்டா?' என்று எழுதி நான்காக்கினார் பெரியநாயகம். 'ரைட்டர் அனுமதி உண்டா?' என்று மூன்றாக்கினார் மரியஅந்தோணி. 'இருப்பு தெரியாமல் அனுமதி இல்லை.' இரண்டு. 'அனுமதி இல்லாமல் இருப்பு சொல்வதற்கில்லை.' ஒன்று. இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். தினமும் பதினொரு மணிக்குச் சேர்ந்துதான் டீ குடிப்பார்கள்.

பெரியநாயகத்தின் கையில் மனு பூஜ்யமான அன்று மழை பிடித்துக்கொண்டது. சட்டம் போட்டவராயிற்றே! குடையோடு தலைச்சோலைக்கு நடந்தார்.

"வாங்க ரைட்டரய்யா! தகரம் வந்துருச்சுங்களா?"

"இல்லம்மா. உன் மனு செத்துப்போச்சு."

"ஏனுங்க, அதுக்கென்ன நோவு?"

"அஞ்சு கை மாறிடுச்சு."

"அத்தனை கையா! ஆரு ஆரு கைங்க?"

விரல்விட்டு எண்ணினார். மூன்று அவருடையதே.

"அங்க நிக்காதீங்க, ஊடு நொம்ப ஒழுகுது," என்று இருந்த ஒரே காய்ந்த மூலையில் அவரை உட்காரவைத்துவிட்டு, ஒழுகலுக்கு அடியில் நின்றாள் அவள்.

பெரியநாயகம் நேரே ஸ்டோருக்குத் திரும்பினார். "அந்தோணி, தகரம் இருக்குதா?"

"எட்டு கெடக்குதுங்க. ஆனா அனுமதி…"

"குடுத்தாச்சு. ஒரு பக்கம் புடி."

தலைமேல் தகரத்தோடு இருவரும் போனதால், யாரும் நனையவில்லை. பெரியநாயகம் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மரியஅந்தோணி கூரையேறி ஆணி அடித்தார்.

"செத்த மனு எப்படிங்க எந்திரிச்சுது?" என்றாள் மருதாயி.

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய், செத்தவர் உயிர்த்தெழுந்த கதை கேட்கும் பெரியநாயகத்துக்குப் பதில் தெரியும். ஆனால் மனுவைக் கொன்றவரும் அவரேதான்; சொல்ல வெட்கமாக இருந்தது. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.