குருசு கண்ட்ரோல்

சவூதியில் ஐந்து வருடம் உழைத்துவிட்டு வந்த ஷுக்ரி, பதுளைப் பஜாரில் மாமனாரின் புடவைக் கடைக்கு முன்னால் அந்த ஜப்பான் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது எண்பத்திரண்டாம் வருடம் ஐப்பசியில். நேரம் பார்த்துத்தான் நிறுத்தினான். லுஹர் தொழுதுவிட்டு ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் காரைச் சுற்றி ஒரு சந்தையே கூடிவிட்டது.

"மாமா, இதுல குரூஸ் கண்ட்ரோல் ஈக்கி!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான் ஷுக்ரி. "அமத்திட்டா காலை எடுத்துடலாம். கார் தானாப் போகும்."

அடேயப்பா! பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் சேர்ந்தாற்போல் நூறு கெஜத்துக்கு நேர் ரோடு கிடையாது. இங்கே காலை எடுத்துவிட்டுப் போகிறவன் நேரே பள்ளத்துக்குத்தான் போவான். கடை டிரைவர் வீரய்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆனால் ஷுக்ரியின் மாமனாரான முதலாளி பலீல் ஹாஜியாரின் முகம் ஏன் அப்படிச் செத்துப்போனது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை. நெஞ்செரிச்சலாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஹாஜியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அது எங்க ஈக்கி?"

ஷுக்ரி குனிந்து பிரேக் பெடலுக்கு மேலே கையைக் காட்டினான். "பிரேக்கை மிதிச்சா இந்தச் சுவிட்ச்தான் அதை நிப்பாட்டும் மாமா."

பத்து நாள் நல்லபடியாகப் போனது. பதினோராம் நாள், நேர் ரோடு தேடி வெல்லவாய வரைக்கும் காரைக் கொண்டுபோக வீரய்யாவிடம் சொன்னான் ஷுக்ரி. நேர் ரோடு கிடைத்தது. தானே ஸ்டியரிங்கைப் பிடித்து, பட்டனை அமத்து அமத்தென்று அமத்தினான். கார் அசைந்து கொடுக்கவில்லை. காலை எடுத்ததும் வண்டி மாடு போல் நின்றது. கடுப்போடு பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். திரும்பி வரும்போது கொஸ்லந்தை தாண்டியதும் பனிமூட்டம் கவிந்தது. பெரகலச் சந்தியில் வீரய்யா பிரேக்கை மிதித்ததும் பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு வந்து ஒரு முழ இடைவெளியில் நின்றது. பஸ் டிரைவர் இறங்கி வந்து, பிரேக் லைட் இல்லாமல் கார் ஓட்டுகிற பரம்பரையைப் பற்றிச் சந்தி முழுக்கக் கேட்கும்படி பேசினான். திட்டியதெல்லாம் பின் சீட்டில் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்த ஷுக்ரியைப் பார்த்துத்தான்.

அந்த அவமானத்துக்கு யார் தலையாவது உருள வேண்டாமா?

"தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டினவன் கையில ஜப்பான் காரைக் குடுத்தா இப்படித்தான்" என்றான் ஷுக்ரி. "என்னத்தையோ நோண்டியிருக்காய். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால ரெண்டும் வேலை செய்யணும். இல்லாட்டி சாவியை வச்சிட்டு ரூமையும் காலி பண்ணு."

ரூம் என்றால் கடைக்குப் பின்னால் வீரய்யா குடியிருந்த ஒற்றை அறை. அதை விட்டால் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்குத்தான் திரும்பவேண்டும். மகள் வேலாயிக்கு டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. மழைக்கு ரோடு உடைந்துகிடக்கும் மடுல்சீமையிலிருந்து பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பிள்ளை நேரத்துக்கு வந்து சேரும்? தாயில்லாத பிள்ளையைப் பன்னிரண்டு வருடம் அந்த ஒற்றை அறையில் வைத்துத்தான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே தொடங்கினார். பின் லைட் பல்புகளைக் கழற்றி பேட்டரியில் வைத்துப் பார்த்தார், எரிந்தன. ஃபியூசை மாற்றிப் பார்த்தார். பழையதும் நல்லதுதான், புதியதும் நல்லதுதான். இரண்டு நாள் இப்படியே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வியாழக்கிழமை மெக்கானிக் அலவி பாஸின் கராஜுக்குக் காரைக் கொண்டுபோனார். அலவி பாஸ் பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை.

"ரெண்டும் ஒரே நாள்ல செத்ததா?"

"அப்படித்தாங்க தெரியுது."

"அப்ப பல்பை உட்டுத்தள்ளுங்க வீரய்யா. ரெண்டுக்கும் பொதுவா என்னத்தியன் ஈக்கி எண்டு தேடுங்க. பிரேக்கை மிதிச்சா லைட் எரியும். அதே மிதியிலதான் அந்தச் சாமானும் நிக்கும். அந்தச் சுவிட்ச் செத்தா லைட்டும் இல்ல, மத்ததும் பிடிக்காது."

வீரய்யா டோர்ச்சோடு மல்லாந்து படுத்து பெடலுக்கு மேலே பார்த்தார். சுவிட்ச் சாகவில்லை. அதற்குப் போகிற இரண்டு வயர்களும் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. எலி கடித்ததென்று சொல்லவும் வழியில்லை. எந்த எலி கடித்த முனையை மடித்து, ரோஸ் நூலால் முடிச்சுப் போட்டு வைக்கும்?

அந்த நூலும் முடிச்சும் அவருக்குத் தெரியும். கடையில் பார்சல் கட்டுகிற நூல். ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி இறுக்கும் அந்த முடிச்சைப் பதுளையில் ஒரே ஒரு ஆள்தான் போடுவார்.

ஹாஜியார் மேல்மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே தனியாக இருந்தார். வீரய்யா அந்த ரோஸ் நூல் துண்டை மேசைமேல் வைத்தார்.

"மெதுவாப் பேசு" என்றார் ஹாஜியார். வீரய்யா இன்னும் பேசவே தொடங்கவில்லை. "நான்தான் வெட்டின. வேறென்ன செய்யச் செல்றாய்? அடுத்த மாசம் பள்ளிவாசல் டிரஸ்டி எலக்சன். பள்ளி ஆட்கள் எல்லாம் நிக்கக்குள்ள, கார்ல குருசு ஈக்கி, அது தானாக் காரை ஓட்டும் எண்டு செல்றானே அந்தப் புள்ள! கிறிஸ்தவங்கட மார்க்கம் அவங்களுக்கு, நான் ஒண்டும் செல்லல்ல. ஹாஜியார்ட காரைக் குருசு ஓட்டுது எண்டு கதை வந்தா எனக்கி யார் வோட்டுப் போடுவா? எலக்சன் முடிஞ்சா நானே திரும்பக் கட்டி உடலாம் எண்டுதான் முனையை மடிச்சு வச்ச."

வீரய்யாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அது குருசு இல்லீங்க மொதலாளி. குரூஸ். இங்கிலீசுங்க. கப்பல் ஒரே சீராப் போகுமில்லீங்களா, அதைச் சொல்றதாம். சின்ன மொதலாளியே சொன்னாருங்க."

"சிலுவை இல்லையா?"

"இல்லீங்க."

"அப்ப நான் வெட்டின?"

"பிரேக் லைட்டுங்க. பெரகலயில கொஞ்சம் தப்பியிருந்தா ரெண்டு பேருக்கு மையத்துக் குழி வெட்டியிருப்பீங்க."

ஹாஜியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! குருசே இருந்திருந்தாலும் பரவாயில்ல. இது வெளிய தெரிஞ்சா ஊரே சிரிச்சுச் சாகும்." மேசைமேல் கிடந்த நூலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வீரய்யா, நீ வெட்டின எண்டு செல்லு. நான் உன்னை மன்னிச்சிடுறேன்."

"நான் செய்யாததுக்கு எதுக்குங்க மன்னிப்பு?"

"நான் மன்னிச்சா மருமகன் ஒண்டும் செய்யேலாது. ரூம் உனக்குத்தான். புள்ள பரீட்சை எழுதட்டும்."

இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர் வீரய்யா. ஒரு கீறல், ஒரு வழக்கு கிடையாது. இந்த ஒன்றைத்தான் அவர் பெருமையென்று வைத்திருந்தார். சாவியை அந்த மேசையில் வீசிவிட்டு நடக்கவேண்டும் போல்தான் இருந்தது. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"சரிங்க" என்றார்.

வயரைச் சேர்த்து டேப் சுற்ற அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிரேக் லைட் எரிந்தது, குரூஸும் உயிர் பெற்றது. வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் ஹாஜியார், வந்துபோகிற பெரிய மனிதர்கள் நாலு பேர் இருக்கும்போது வீரய்யாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். மன்னிக்கப்போகிறார் என்றுதான் வீரய்யா நினைத்திருந்தார். ஹாஜியாரோ, கணக்கில் இல்லாத ஒரு முழத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

"பாவம், படிப்பில்லாத மனிசன். குரூஸ் எண்டதைக் குருசு எண்டு விளங்கிட்டான்! ஹாஜியார்ட காருக்குக் குருசு ஆகாது எண்டு, என்ட நன்மைக்காக வெட்டியிருக்கான். எப்படிக் கோவிக்கிற? மனிசனெண்டா பிழை உடத்தான் செய்வான். நான் மன்னிச்சிட்டேன்."

வாசல் அதிரச் சிரித்தார்கள். ஷுக்ரி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். எவ்வளவு பெரிய மனசு ஹாஜியாருக்கு என்றார் ஒருவர். இப்படிப்பட்டவர்தான் பள்ளிக்கு டிரஸ்டியாக வரவேண்டும் என்றார் இன்னொருவர். வீரய்யாவும் சிரித்தார். வேறென்ன செய்வது? அந்தப் பேச்சும் சிரிப்பும் பின்னறையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளுக்கும் கேட்டிருக்கும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

சாயந்தரம் அறைக்குள் நுழைந்தபோது வேலாயி இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் மனம் நோகக்கூடாதென்று வெகுநேரம் யோசித்திருப்பாள் போலிருக்கிறது. குரலை அவ்வளவு தணித்துக் கேட்டாள்.

"அப்பா, குரூஸ்னா சிலுவை இல்லப்பா. அது வேற வார்த்தை. நான் சொல்லித்தரவா?"

வீரய்யா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அப்படியாம்மா? சொல்லு" என்றார்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவரும் கூடவே சொன்னார்.